ஊசிக்குக் கணக்கிருக்கு, பேராண்டி!

கம்ப்ளயன்ஸ் ஒபீசர் ஐயா, வாங்க. இப்படி பெஞ்சில உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், அங்க ஒரு கால் ஆடும். தொழிலாளர் பாதுகாப்பு பார்க்கிற பெரிய மனுசன் யட்டியாந்தோட்டையில தாத்தா வீட்டு பெஞ்சில இருந்து விழுந்தாருன்னு பேப்பர்ல வந்தா நமக்குத்தான் அசிங்கம்.

அவிசாவளை கார்மென்டில வேலை கெடைச்சிருச்சுன்னு உங்கம்மா லயத்துக்கே கேசரி கிண்டிக் குடுத்தா. எனக்குச் சீனி வருத்தம்னு தெரிஞ்சும் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு. கார்மென்டுக்குப் போறது இந்த மலையில புதுசில்ல. முந்தி பிரட்டுக்குத் தப்படிச்சு எழுப்பினாங்க, இப்ப விடியக்காலம் கார்மென்ட் பஸ் ஹோன் அடிச்சு எழுப்புது. ஆனா மெசினுக்கு முன்னால உக்காந்து தைக்காம, மெசினுக்குப் பின்னால நின்னு எழுதுற வேலைக்குப் போற மொத ஆளு நம்ம குடும்பத்துல நீதான். அதனால நாலு வார்த்தை சொல்றேன். பிடிக்கலன்னா கேசரி தீர்ற வரைக்குமாவது உக்காரு.

என்னடா வேலைன்னு கேட்டேன். "துணி தரமா இருக்கணும் தாத்தா, பூமிக்குக் கெடுதி வரக்கூடாது, தொழிலாளிக்கு அநியாயம் நடக்கக்கூடாது. அதெல்லாம் பார்த்துக் கட்டத்துல டிக் போடணும்"னு சொன்ன. ரொம்ப நல்லது. கடவுள் பார்க்க வேண்டிய வேலையக் கம்பனி உன்கிட்ட ஒப்படைச்சிருக்கு. சம்பளமும் கடவுளுக்குப் போடுற உண்டியல் காசு அளவுதானாம், உங்கம்மா சொல்லி வருத்தப்பட்டா.

இந்த டிக் போடுற விசயம் எனக்குப் பழக்கம்தான். நான் ரப்பர் பால் வெட்டினவன், பிறகு கொழுந்து மடுவத்துல தராசு பிடிச்சவன். ஒரு தோட்டம், பேரு வேணாம். அதுக்குப் பச்சை முத்திரை குடுக்க வெளிநாட்டுல இருந்து ஆளு வருதுன்னு சேதி வந்துச்சு. வர்றதுக்கு மொத நாள் கக்கூசுக்குக் கதவு வந்துச்சு, கதவுக்குப் பூட்டும் வந்துச்சு. புள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பாய் வந்துச்சு. மருந்தடிக்கிறவனுக்குக் கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் குடுத்தாங்க. அவன் அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாதை தெரியாம கானுக்குள்ள விழுந்தான். தொர எங்கள வரிசையில நிப்பாட்டி, "கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னு கேட்டாரு. "சந்தோசமா இருக்கோம்னு சொல்லுவோம் தொர"ன்னோம்.

வந்த வெள்ளைக்காரம்மா நல்ல மனுசி. என் பக்கத்துல வந்து, என்ன குறைன்னு கேட்டா. அதை எனக்குத் தமிழ்ல மாத்திச் சொன்னவர் யாரு தெரியுமா? தோட்டத்துக் கிளாக்கரய்யா. நான் என்னத்தச் சொல்ல? "கக்கூஸ் கதவு ரொம்ப நல்லா இருக்கு அம்மா, நீங்க தெனமும் வந்தா நல்லது"ன்னேன். அவரு அதை எப்படி மாத்திச் சொன்னாரோ, அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. முத்திரை கெடைச்சுது. கதவு அடுத்த மாசம் பங்களாக் கோழிக்கூட்டுக்குப் போச்சு. கோழிங்களுக்கு அன்னையில இருந்து ரொம்பப் பாதுகாப்பு.

உடனே தலையாட்டாத. சேர்ட்டிபிக்கட்டுன்னாலே பொய்யின்னு நான் சொல்ல வரல. நம்ம கேகாலை மாவட்டத்துலயே, வரக்காப்பொலைப் பக்கம் துல்ஹிரிய இருக்குல்ல? என் வாலிப காலத்துல அது அரசாங்கத்துப் புடவை ஆலை, கிழக்கு ஜெர்மனி உதவியில கட்டினது. அப்ப நம்ம தொகுதி எம்.பி. என்.எம். பெரேரா நிதி மந்திரி. நான் சலுசல கடை வாசல்ல வரிசையில நின்னு துணி வாங்கினவன். தரம், கிரம்னு யாரு பார்த்தா? கெடைச்சதே தரம். பிறகு அந்த ஆலை கொரியாக் கம்பனி கைக்குப் போய் மூடிக் கெடந்து, 2000களில மாஸ் கம்பனி கைக்கு வந்துச்சு. அங்கதான் 2008 ல துருலின்னு ஒரு தொழிற்சாலை எழும்புச்சு. இங்கிலாந்து மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு உள்ளாடை தைக்க. பச்சைக் கட்டடமாவே திட்டம் போட்டுக் கட்டின உலகத்து மொத உடுப்புத் தொழிற்சாலைன்னு பேர் வாங்கி, அமெரிக்காக்காரனோட லீட் பிளாட்டினம் தரமும் வாங்குச்சு. வெயிலை வெளிய விட்டுட்டு வெளிச்சத்த மட்டும் உள்ள எடுக்கிற சன்னல், ஏசிக்குப் பதிலா தண்ணி ஆவியாகிக் குளிர வைக்கிற காத்து, கரண்டுக்குச் சூரியத் தகடு. அதே வருசம் சீதுவையில பிரண்டிக்ஸ் கம்பனி பழைய பெக்டரி ஒண்ணைத் திருத்தியெடுத்து அதுக்கும் பிளாட்டினம் வாங்குச்சு. 2019 ல மட்டக்களப்புல அதே கம்பனி கரியமிலக் கணக்கைச் சைபராக்கிட்டோம், உடுப்புத் தொழில்ல உலகத்துலயே நாங்கதான் மொதல்னு சொல்லிச்சு.

இதையெல்லாம் நான் கேலி பண்ண மாட்டேன். தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் மூணு மணிக்கு நின்னு பார்த்தவனுக்குத்தான் குளிர்ந்த காத்தோட அருமை தெரியும். ஆனா இது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க. முதலாளிமாருக்கெல்லாம் ஒரே ராத்திரியில கனவுல புத்தர் வந்து சொல்லல.

1978 ல கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொறந்தாங்க. 1992 ல பிரேமதாச ஐயா 200 கார்மென்ட் திட்டம்னு கிராமத்துக்குக் கிராமம் மெசினைக் கொண்டாந்தாரு. அந்தக் காலத்துல ஒவ்வொரு நாடும் இத்தனை சட்டைதான் அனுப்பலாம்னு அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா வச்சிருந்துச்சு. கோட்டா கையில இருந்தா ஓடர் தன்னால வரும். 2005 ஜனவரி 1 ந் திகதி கோட்டா ஒழிஞ்சுது. சீனாக்காரன் ஒரு பக்கம், பங்களாதேஷ்காரன் ஒரு பக்கம். விலையில அவங்களோட ஓட நம்மால முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த வருசமே, 2006 ல, கம்பனிக்காரங்க ஒண்ணாச் சேர்ந்து 'குற்றவுணர்வு இல்லாத ஆடை'ன்னு ஒரு பிரசாரத்தைத் தொடங்கினாங்க. எங்க நாட்டுல சின்னப் புள்ளைங்க தைக்கிறதில்ல, கட்டாய வேலை இல்ல, இதைப் போட்டா உங்க மனசு உறுத்தாதுன்னு சொல்லி வித்தாங்க.

நான் உங்க பாட்டியப் பொண்ணு கேட்ட கதையும் இதுதான். என்கிட்ட காணியில்ல, நகையில்ல. அதனால எங்கப்பா 'குடிக்காத பையன்'னு சொல்லித்தான் பொண்ணு கேட்டாரு. கலியாணம் முடிஞ்சுபோச்சு. பிறகு அந்தப் பேரைக் காப்பாத்த நான் பட்ட பாடு இருக்கே! தீபாவளிக்கு ஊரே மிதக்கும், நான் மட்டும் சோடாப் போத்தலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நாட்டுக்கும் அதே நெலமைதான். குணத்தைச் சொல்லி வித்தவன் ஆயுசு முழுக்கக் குணமா இருந்து தொலைக்கணும். ஐரோப்பா குடுத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகை 2010 ஆகஸ்டுல பறிபோச்சு. மனித உரிமைய நாடு காக்கலன்னு சொன்னாங்க. திரும்பக் கெடைக்க 2017 மே மாசம் ஆச்சு. கொழும்புல மந்திரிமார் செஞ்சதுக்கும் செய்யாததுக்கும் கட்டுநாயக்காவுல காலர் தைச்ச புள்ளைங்க வயித்துல அடி. அந்தத் தொழில்ல பத்துக்கு ஏழெட்டுப் பேரு பொம்பளைங்க, தெரியும்ல?

சரி, உன் வேலைக்கு வருவோம். உன் சின்னம்மா மக ஒருநாள் லீவுல வந்தப்ப ஊசிக் கதை சொன்னா. கேட்டு எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. மெசின்ல ஊசி உடைஞ்சா அந்த மெசின் நிக்கணுமாம். உடைஞ்ச ஊசியோட ஒவ்வொரு துண்டையும் தேடணுமாம், காந்தம் வச்சுத் தேடணுமாம். எல்லாத் துண்டும் சேர்ந்தாத்தான் ஒரு புத்தகத்துல டேப் போட்டு ஒட்டி, திகதி, நேரம், மெசின் நம்பர் எல்லாம் எழுதிப் புது ஊசி குடுப்பாங்களாம். ஒரு சின்ன முனை காணாமப் போனா, சுத்தியிருக்கிற துணியெல்லாம் ஒதுக்கி வச்சு, இரும்பைக் கண்டுபிடிக்கிற மெசினுக்குள்ள விட்டு எடுக்கணுமாம். லண்டன்ல எங்கயோ ஒரு பச்சைப் புள்ளையோட தோல்ல ஊசிமுனை குத்திரக்கூடாதுன்னு இத்தனை பாடு. நியாயமான பாடுதான். புள்ளை எந்த ஊர்ப் புள்ளையா இருந்தா என்ன?

நான் அவகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "ஏம்மா, ஊசிக்குப் பதிலா ஆளு உடைஞ்சா?" அவ சிரிச்சா. டார்கெட் எட்டணும்னு மூத்திரத்தை அடக்கி அடக்கி வருத்தம் வந்தவ, நாரி போனவ, கண்ணு மங்கினவ எல்லாம் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்களாம். அடுத்த கிழமை அந்தக் கதிரையில புது ஆளு. நின்ன ஆளு எங்க போனா, என்ன ஆனான்னு ஒட்டி வைக்கப் புத்தகம் இல்லியாம். பேராண்டி, உன் பெக்டரியில அந்தப் புத்தகம் இருந்தா எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிரேம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டுறேன்.

இன்னொண்ணும் சொன்னா. பெட்டி கட்டின பிறகு ஆள் வந்து பொறுக்கிப் பார்ப்பாங்களாம். 1,201 ல இருந்து 3,200 வரைக்கும் உருப்படி இருக்கிற லொட்டுல 125 எடுத்துப் பார்க்கிறது. பெரும்பாலான பேர் வச்சிருக்கிற கணக்குப்படி ஏழு உருப்படி வரைக்கும் பிழை இருந்தா போகட்டும். எட்டாச்சுன்னா முழு லொட்டையும் திருப்பிருவாங்க. எவ்வளவு பெரிய மனசு பாரு! சட்டைக்கு ஏழு பிழை வரைக்கும் மன்னிப்பு இருக்கு. சட்டை தைக்கிறவளுக்கு ஒண்ணுக்குக் கூட இல்ல. புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருநாள் நின்னுட்டா அந்த மாசத்து வருகைக் காசு போச்சு. நம்ம தோட்டத்துலயும் வருகைக் காசு இருந்துச்சுல்ல, அதை அனுபவிச்சவன்கிறதால சொல்றேன்: காய்ச்சல்ல எழும்பி மலைக்குப் போறவ பறிக்கிற கொழுந்துல முத்தல் இலை கலக்கும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் வேணும்னா பறிக்கிறவளுக்குக் கண்ணு தெளிவா இருக்கணும். தையலும் கைவேலைதானே?

தரம்னு சொல்லும்போது என் சட்டையையும் பார்த்துக்க. டவுன்ல நடைபாதையில வாங்கினது. லேபலை வெட்டி எடுத்திருக்காங்க, பேரு தெரியக்கூடாதுன்னு. எடது கை ஒரு விரக்கடை நீளம். வெள்ளைக்காரனுக்கு ஆகாத கை எனக்கு நல்லாவே ஆகுது. எட்டாவது பிழை இதுதான்னு நெனைச்சுக்கிட்டுப் போட்டிருக்கேன்.

இப்ப சிரிக்காம ஒரு விசயம் கேளு. 2012 செப்டெம்பர் 11 ந் திகதி கராச்சியில, பல்தியாங்கிற எடத்துல ஒரு உடுப்புத் தொழிற்சாலை தீப்பிடிச்சுது. சன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. இருநூத்தைம்பது பேருக்கு மேல வெந்து செத்தாங்க. அந்தத் தொழிற்சாலைக்கு, தொழிலாளிய நல்லா நடத்துதுன்னு சர்வதேச சேர்ட்டிபிக்கட்டு குடுத்துச் சில வாரம்தான் ஆகியிருந்துச்சு. நல்லாக் கேட்டுக்க, சில வாரம். யாரோ ஒரு உன் மாதிரி படிச்ச பையன் அந்தக் கட்டத்துலயெல்லாம் டிக் போட்டிருப்பான். அடுத்த வருசம் ஏப்ரல் 24 ந் திகதி டாக்காவுக்குப் பக்கத்துல சாவார்ல ரானா பிளாசா கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,134 பேரு செத்தாங்க. மொத நாளே சுவர் வெடிச்சிருச்சு, உள்ள போக மாட்டோம்னு நின்னவங்களை மெரட்டி உள்ள அனுப்பினாங்க. நம்ம நாட்டு கார்மென்டில அப்படி ஒரு பெருஞ்சாவு நடக்கல, அதுக்கு இங்க உள்ள சட்டமும் பெரிய கம்பனிங்களோட கட்டடமும் ஒரு காரணம்னு ஒத்துக்கிறேன். ஆனா பெரிய கம்பனி தன்னால முடியாத ஓடரைப் பிரிச்சு சின்னக் கொந்துராத்துக்காரனுக்குக் குடுக்கும்போது, அந்தக் கொந்துராத்துக்காரன் வீட்டுக் கொட்டில்ல எத்தனை கதவு இருக்குன்னு யாரு பார்க்கிறா? உன் டிக் அங்க வரைக்கும் போகுமா, இல்ல கேட்டு வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நின்னுருமா?

பூமியப் பத்திப் பேசுவோம். நீ வேலைக்குப் போற சீதாவாக்கை பேட்டை அவிசாவளையில. நம்ம ஆறு களனி. சிவனொளிபாத மலைப் பக்கம் பொறந்து, கித்துல்கலையில வெள்ளைக்காரன் படம் எடுத்த எடத்தைத் தாண்டி, யட்டியாந்தோட்டையில நாம குளிக்கிற எடம் வழியா, கரவனெல்லை, ருவன்வெல்லை, அவிசாவளைன்னு போய் அம்பத்தலையில கொழும்புக்காரன் குடிக்கிற தண்ணியாகுது. 145 கிலோமீட்டர். சாயத் தண்ணியச் சுத்திகரிக்காம இதுல விட்டா, அதைக் குடிக்கப் போறது மந்திரியும் முதலாளியும் சேர்ந்துதான். அந்த ஒரு விசயத்துல நம்ம ஆறு ரொம்ப ஜனநாயகம். திருப்பூர்க்காரங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. நொய்யல் ஆத்துல விட்ட சாயத்தைக் கீழ இருந்த குடியானவங்கதான் குடிச்சாங்க. ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு கட்டின அணைக்கட்டு சாயத் தொட்டியாப் போச்சு. கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேல சாயப் பட்டறைய மூடச் சொல்லிச்சு. பிறகுதான் ஒரு சொட்டும் வெளிய விடாத சுத்திகரிப்புன்னு ஓடினாங்க. அதுக்கு ஆன செலவைச் சட்டை விலையில ஏத்திக்கன்னு எந்த வெளிநாட்டுக்காரன் சொன்னான்?

அங்கதான் வர்றேன், பேராண்டி. இவ்வளவு நேரம் கேசரி சாப்பிட விட்டது இதுக்குத்தான்.

ஒரு பருத்தி டீ-சேர்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 லீட்டர் தண்ணி போகுதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. அதுல பெரும்பங்கு பஞ்சு வெளைய வைக்கப் போறது. நம்ம நாட்டுல பஞ்சும் பெருசா இல்ல, துணியிலயும் பெரும்பகுதி கப்பல்ல வர்றது. வெட்டுறது, தைக்கிறது, அயர்ன் பண்றது, பெட்டி கட்டுறது நம்ம பங்கு. அதனால வாங்குறவன் "செலவைக் குறை"ன்னு சொன்னா, குறைக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு? நூலோட விலைய நாம தீர்மானிக்க முடியாது. கப்பல்காரன் நம்ம பேச்சைக் கேக்க மாட்டான். மிஞ்சிறது மெசின்ல உக்காந்திருக்கிற புள்ளையோட நேரமும் கூலியும்தான்.

சலூன்ல வீரகேசரியும், உன் தங்கச்சி போன்ல காட்டுறதும்தான் என் படிப்பு. அதுல பார்த்ததைச் சொல்றேன். 2020 மார்ச்சுல கொரோனா வந்ததும் பெரிய பெரிய பேர் எடுத்த கம்பனிங்க ஓடரை ரத்துப் பண்ணிச்சு. தைச்சு முடிச்சு வச்சிருந்ததுக்கும் காசு தர மாட்டோம்னாங்க. உலகம் முழுக்க 'குடுக்க வேண்டியதைக் குடு'ன்னு ஒரு இயக்கம் கெளம்பி நாறடிச்ச பிறகுதான் பல பேரு குடுத்தாங்க. அதுல எத்தனையோ கம்பனி பச்சை இலைப் படம் போட்டு வருசா வருசம் அறிக்கை வெளியிட்ட கம்பனி. மரத்துக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்துவாங்க போல, மனுசனுக்குக் குடுத்த ஓடரைத்தான் காப்பாத்த முடியல.

பர்பரின்னு ஒரு இங்கிலாந்துக் கம்பனி. ஒரே வருசத்துல 28.6 மில்லியன் பவுண் பெறுமதியான சாமானை எரிச்சதா 2018 ல கணக்குல வந்துச்சு. மலிவா வித்தா பேரு கெட்டுப் போகுமாம். ஊரே காறித் துப்பின பிறகு நிறுத்துறோம்னாங்க. இப்ப ஐரோப்பாவே சட்டம் போட்டிருக்கு, விக்காத உடுப்பைப் பெரிய கம்பனிங்க அழிக்கக் கூடாது, 2026 ஜூலையில இருந்துன்னு. நல்ல சட்டம். நீ மட்டும் யோசிச்சுப் பாரு, ராத்திரி ஓடி தைச்சு முடிச்சு, ஊசித் துண்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, ஏழு பிழைக்குள்ள அடக்கி அனுப்பின உடுப்பைப் போட ஆளில்லாம எரிக்க வேண்டி வருதுன்னா, அதை அவ்வளவு அவசரமாத் தைக்கச் சொன்னது எதுக்கு?

2022 ல நம்ம ரூபாய் விழுந்துச்சு. மார்ச் தொடக்கத்துல டொலருக்கு 200, மே மாசம் 350 ஐத் தாண்டிருச்சு. செப்டெம்பர்ல பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுச்சு. சட்டை டொலர்ல போகுது, கூலி ரூபாயில வருது. கூலியக் கூட்டிக் குடுத்த கம்பனிங்களும் இருந்துச்சு, மறுக்கல. ஆனா வாங்குறவன் பக்கம் நின்னு கணக்குப் பாரு. ஒருத்தரும் கையெழுத்துப் போடாம, ஒரு சதமும் வெட்டாம, இலங்கைப் புள்ளையோட கூலி டொலர்ல படுத்துருச்சு. அந்த வருசம் எந்தக் கடைக்காரனாவது "பாவம், ரூபாய் விழுந்துருச்சு, சட்டைக்குப் பத்துச் சதம் கூட்டித் தர்றேன்"னு கடிதம் எழுதினானான்னு உங்க ஒபீஸ் பைல்ல தேடிப் பாரு. பிறகு 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் ஐயா நமக்கு 44 சதவீத வரின்னாரு, பேசிப் பேசி ஆகஸ்டுல 20 க்கு எறங்குச்சு. நம்ம உடுப்புல நூத்துக்கு நாப்பது அந்த நாட்டுக்குத்தான் போகுது. அந்த இருபதுல கொஞ்சம் நீயும் ஏத்துக்கன்னு வாங்குறவன்கிட்ட இருந்து பேச்சு வராம இருந்திருக்குமா? அதே கெழமை அதே ஆளு, கூரையில இன்னும் ரெண்டு சூரியத் தகடு போடுன்னும் மெயில் அனுப்பியிருப்பான். ஒரு கையில கத்தரிக்கோலு, மறுகையில பூச்செண்டு.

இதுல நம்ம முதலாளிமாரும் சும்மா இல்ல. வாங்குறவன்கிட்ட முதுகை வளைச்சுட்டு வந்து லைன்ல நிமிந்து நிப்பாங்க. அவன் ரெண்டு சதம் கொறைச்சா இவங்க டார்கெட்ல பத்து உருப்படி ஏத்துவாங்க. சங்கம்னு ஒரு வார்த்தை சொன்னா முகம் கறுக்கும். நம்ம தோட்டத்துல 2021 ல நாள் சம்பளம் ஆயிரமாக, எத்தனை வருசம் ரோட்டுல நின்னோம்? நின்னவன் இருந்ததாலதான் அதுவும் வந்துச்சு. உன் பெக்டரியில ஒரு கூட்டு ஒப்பந்தமும் இல்லாம எல்லாக் கட்டத்துலயும் டிக் இருந்தா, அந்தக் கடுதாசி அடுப்புப் பத்த வைக்க மட்டும் ஆகும்.

சரி, நீ என்ன பண்ணணும்? மொத நாளே சண்டைக்குப் போயிராத, உங்கம்மா சீட்டுக் கட்டியிருக்கா. மேனேஜர் காட்டுற கக்கூசைப் பார்த்துச் சிரிச்சுட்டு, அவரு ரீ குடிக்கப் போன நேரம் கடைசி லைனுக்குப் பின்னால இருக்கிற கக்கூசைப் போய்ப் பாரு. பேட்டி எடுக்கும்போது எல்லாப் புள்ளையும் ஒரே வார்த்தையில 'சந்தோசமா இருக்கோம்'னு சொன்னா, அந்த வார்த்தைய யாரு சொல்லிக் குடுத்தான்னு விசாரி. உனக்குத் தமிழும் சிங்களமும் தெரியும், நடுவுல கிளாக்கர் வேணாம். போர்டிங் காம்பரா எப்படி இருக்கு, ஒரு கிணத்துக்கு எத்தனை பேருன்னு ஒரு ஞாயித்துக் கிழமை போய்ப் பாரு. ஒடிட் இல்லாத நாளாப் பார்த்துப் போ. வேலைய விட்டுப் போன புள்ளைங்க பேரை ஒரு கொப்பியில எழுதி, ஏன் போனான்னு பக்கத்துல ஒரு வரி எழுது. கம்பனிக் கொப்பியில வேணாம், உன் சொந்தக் கொப்பியில.

கடைசியா அந்தப் படிவம். நீ காட்டின படிவத்துல கரண்டு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, தீயணைப்பான் எத்தனை, ஊசி எத்தனைன்னு எல்லாம் இருக்கு. எல்லாக் கேள்வியும் தைக்கிறவன் பக்கம்தான். தைக்கச் சொன்னவன் பக்கம் ஒரு கட்டமும் இல்ல. இந்த ஓடருக்கு எத்தனை நாள் குடுத்தான், போன வருசத்தை விட எத்தனை சதம் குறைச்சான், வெட்டத் தொடங்கின பிறகு எத்தனை தடவை கலரையும் அளவையும் மாத்தினான், காசைக் கட்ட எத்தனை நாள் இழுத்தான்? இந்த நாலையும் அடிமட்டம் வச்சுக் கோடு போட்டு நீயே சேர்த்துக்க. நிரப்பி, அந்த வெளிநாட்டு மகராசன் கையில குடுத்து, கீழ கையெழுத்துப் போடச் சொல்லு. அவரு போடுற வரைக்கும் உன் டிக்கைக் கொஞ்சம் கையிலயே வச்சிரு.